கார் விற்பதற்கு இல்லை

கிளிநொச்சி
வெள்ளிக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். வெயில் கொளுத்துகிறது. சின்னமாமி புதன்கிழமை லண்டனுக்குத் திரும்புகிறா. அவவின் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன். மிளகாய்த்தூளும் முல்லைத்தீவுக் கருவாடும் அம்மா தனியாகக் கட்டித் தருகிறா. போனில் சொல்லியிருக்கலாமே என்று நீ நினைப்பாய். போனில் நீ "அப்பா சுகமா, அம்மா சுகமா, சரி வைக்கிறேன்" என்று முடித்து விடுகிறாய். அதற்குள் நான் எதைச் சொல்ல?

போன முறை நீ சொன்ன காரியத்துக்கு வருகிறேன். பழைய அக்குவாக் காரை வித்துப் போடுங்கோ, வாகன இறக்குமதி திறந்தாயிற்று, நான் காசு அனுப்புகிறேன், புதிதாக ஒன்று எடுங்கோ என்றாய். கார் விற்பதற்கு இல்லை. காசும் வேண்டாம். 2020 பங்குனியில் நிறுத்திய இறக்குமதியை 2025 மாசியில் திறந்தார்கள் என்பது உண்மைதான். வரியோடு சேர்த்து அந்தக் கார்கள் என்ன விலைக்கு வந்து இறங்குகின்றன என்று உனக்குத் தெரியாதா? அந்தக் காசை நீ எத்தனை இரவு முழித்துச் சேர்க்க வேண்டும் என்று நான் கணக்குப் பார்த்தேன். பார்த்த பிறகுதான் வேண்டாம் என்று எழுதுகிறேன்.

இந்தக் காருக்கு ஒரு குறையும் இல்லை. 2015இல் லீசிங்கில் எடுத்தபோது வாடகைக் கார் ஸ்ராண்டில் எல்லோரும் என்ன சொன்னார்கள் என்று உனக்கு நினைவிருக்கும். பெற்றோலிலும் பற்றறியிலும் ஓடுகிற ஹைபிரிட் வன்னிக்கு ஒத்துவராது, புழுதியும் வெக்கையும் பற்றறியைத் தின்றுவிடும், ஐந்து வருடத்தில் தகரத்துக்குத்தான் போகும் என்றார்கள். மூன்று லட்சம் கிலோமீற்றரைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. ஜப்பான் காகிதத்தில் லீற்றருக்கு 35.4 கிலோமீற்றர் என்று போட்டிருந்தது. அது அவர்களுடைய சோதனைக் கூடத்துக் கணக்கு. ஏ9இல் ஏசி போட்டு நான்கு பேரை ஏற்றிக்கொண்டு எனக்கு இருபதுக்குக் குறையாமல் தருகிறது, அது போதும்.

பற்றறி பழுதானது உண்மை. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன், மறைப்பது எனக்குப் பிடிக்காது. பரந்தன் தாண்டி வரும்போது சிவப்பு முக்கோணம் எரிந்தது. பின்சீட்டுக்குக் கீழே இருக்கிற பெட்டிக்குள் 20 கட்டைகள், கட்டைக்கு 6 செல், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தது, மொத்தம் 144 வோல்ட். அதில் ஒரு கட்டை சோர்ந்து போனது. ஒரு கராஜில் அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதும் என்றார்கள். நான் சம்மதிக்கவில்லை. சோடி மாட்டில் ஒன்று நொண்டினால் மற்றதும் சேர்ந்து களைக்கும். பழைய பத்தொன்பதுக்கு நடுவில் ஒரு புதியதைப் போட்டால் இரண்டு மாதத்தில் இன்னொன்று விழும். வேறொரு இடத்தில் பழைய பெட்டியைத் துடைத்துப் புதிது என்று காட்டினார்கள். கட்டைகளின் முனையில் பச்சை பிடித்திருந்ததைக் கண்டுவிட்டு எழுந்து வந்தேன். கடைசியில் யாழ்ப்பாணத்தில் முழுத் தொகுதியும் புதிதாகப் போட்டேன். செலவுதான். ஆனால் அதே காலத்தில் பெல்ற், ஸ்ராற்றர், ஓல்ரனேற்றர் என்று மற்றவர்கள் மாற்றுகிற சாமான்களை எண்ணிப் பார். இந்தக் காரில் அவை ஒன்றுமே இல்லை. பிரேக் கட்டைகூட மெதுவாகத்தான் தேய்கிறது, பாதி வேகத்தை மோட்டர் பிடித்துப் பற்றறிக்குள் போட்டுவிடுகிறதே.

பற்றறி இவ்வளவு காலம் நின்றதற்குக் காரணம் பின்சீட்டுப் பக்கத்துச் சல்லடைதான். அதற்குள்ளால்தான் காற்று இழுத்துப் பற்றறி குளிர்கிறது. விசுவமடுப் பக்கம் போய்வந்தால் அதில் செம்மண் அப்பிக் கிடக்கும். கழற்றி ஊதித் துடைத்துவிட்டுத்தான் சாப்பிடப் போவேன். 2018 மார்கழி வெள்ளத்தில் ஊரெல்லாம் தண்ணீர் நின்றபோது காரை முதலிலேயே மேட்டில் கொண்டுபோய் விட்டேன். பற்றறி தாழ்வில் இருக்கிற காரைத் தண்ணீருக்குள் விடக் கூடாது. அன்று ஹயர் கேட்டு வந்தவர்களுக்கு இல்லை என்று சொன்னது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது, ஆனாலும் சொன்னேன்.

சின்னமாமி பேரனின் பிறந்தநாள் படங்களைக் காட்டினா. ஒன்றில் நீ ஒரு சாம்பல் நிறப் பிரியஸில் சாய்ந்துகொண்டு நிற்கிறாய். மெலிந்து போனாய். கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது. கார் மூன்றாம் தலைமுறை, 2009க்கும் 2015க்கும் இடையில் வந்தது. முன்கண்ணாடியில் ஒரு வட்ட வில்லை ஒட்டியிருக்கிறது. நடுவில் போன் தாங்கி. பின்சீட்டுக்கு உறை போட்டிருக்கிறது. யாருடைய கார் என்று நான் மாமியைக் கேட்கவில்லை. உன்னையும் கேட்கவில்லை. நல்ல கார். நன்றாகப் பார்த்தால் நெடுநாள் உழைக்கும்.

யாருடையதாக இருந்தாலும் சில விஷயங்களை அவரிடம் சொல்லிவிடு. அந்தப் பிரியஸில் ஈஜிஆர் பாதையில், அதாவது புகையில் ஒரு பங்கை என்ஜினுக்குத் திருப்பிவிடுகிற பாதையில், கரி அடைக்கும். அடைத்ததைக் கவனிக்காமல் ஓடினால் ஹெட் காஸ்கெற் போகும். காலையில் குளிரில் ஸ்ராற் பண்ணும்போது என்ஜின் உதறினால், கூலன்ற் சொல்லாமல் கொள்ளாமல் குறைந்தால், அன்றே காட்ட வேண்டும், நாளைக்கு என்று விடக் கூடாது. பற்றறி மின்சாரத்தை மோட்டருக்கு மாற்றிக் கொடுக்கிற இன்வேட்டருக்குத் தனிக் கூலன்ற் இருக்கிறது, அதன் பம்பு நின்றால் கார் நடுத்தெருவில் நிற்கும். ஏசிக்குள் கண்ட எண்ணெயையும் விட அனுமதிக்காதே, அந்தக் கம்பிரசர் மின்சாரத்தில் ஓடுவது, அதற்கென்று வேறு எண்ணெய். செம்மஞ்சள் வயரில் வோல்ட் கூட, தெரியாதவன் அதில் கை வைக்கக் கூடாது. பின்சீட்டில் ஏறுகிறவர்கள் குளிர்க்கோட்டைக் கழற்றிப் பக்கத்துச் சல்லடை மேல் போட்டுவிடுவார்கள். போட வேண்டாம் என்று மரியாதையாகச் சொன்னால் கேட்பார்கள்.

அப்புறம், இரவில் காரை எங்கே விடுகிறாய்? அங்கே ஹைபிரிட் கார்களுக்கு அடியில் புகுந்து புகைக்குழாயில் இருக்கிற கற்றலிற்றிக் கொன்வேட்டரை அறுத்துக்கொண்டு போகிறார்களாமே. அதற்குள் பலேடியம், ரோடியம் என்று விலை கூடிய உலோகங்கள் இருக்கின்றன. ஹைபிரிட்டில் என்ஜின் குறைவாக ஓடுவதால் அவை தேயாமல் இருக்குமாம், அதனால்தான் குறிவைக்கிறார்கள். வெளிச்சத்தில், சுவரோரமாக விடு. அறுக்கிறவனைக் கண்டால் நீ கிட்டப் போகாதே. கார் போனால் போகட்டும்.

முக்கியமானது நித்திரை. ஏ9இல் விபத்தான வாகனங்களை நான் கண்ட நேரமெல்லாம் விடியப்புறம்தான். கட்டுநாயக்காவிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு வருகிறவன் மாங்குளம் வரைக்கும் நன்றாக வருவான், வீடு கிட்டிவிட்டது என்று நினைக்கிற இடத்தில்தான் கண் சொருகும். நான் முறிகண்டியில் நிறுத்தித் தேங்காய் உடைத்து, முகம் கழுவி, தேநீர் குடித்துவிட்டுத்தான் எடுப்பேன். ஏறியிருக்கிறவர்கள் அவசரப்பட்டாலும் எடுக்க மாட்டேன். இந்தக் கார்களில் சத்தமும் இல்லை, பற்றறியில் உருளும்போது தொட்டில் மாதிரித்தான். நித்திரை வந்தால் ஓரங்கட்டு. ஒரு ஹயர் போனால் இன்னொன்று வரும்.

ஓரங்கட்டினாலும் காரை நிறுத்தாமல் ஓனில் விட்டபடி உள்ளே படுக்காதே. ஹைபிரிட்டில் என்ஜின் நின்றிருக்கிறது என்று நினைப்போம், பற்றறி இறங்கினதும் அது தானாகவே ஓடத் தொடங்கும். மூடின இடத்தில் அந்தப் புகை ஆளைக் கொல்லும், மணமும் தெரியாது. பட்டனை அமத்தி முழுவதும் நிறுத்திவிட்டுப் படு. குளிர் காலத்தில் ஹீற்றருக்காகவே என்ஜின் ஓடும், பெற்றோல் கூடத்தான் போகும். அதை மிச்சம் பிடிக்க ஹீற்றரை நிறுத்திப்போட்டு நடுங்கிக்கொண்டு இருக்காதே. சாப்பாட்டிலும் மிச்சம் பிடிக்காதே.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான் இந்தத் தொழிலில் வெட்கப்பட்டதில்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது வன்னிக்குள் பெற்றோல் இல்லை. ஒஸ்ரின் கேம்பிரிட்ஜில் காபரேற்றருக்குச் சில துளி பெற்றோல் காட்டி ஸ்ராற் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றித்தான் ஓடினோம். கறுத்த புகை, கண் எரியும். மண்ணெண்ணெய் இறங்கி என்ஜின் ஒயில் தண்ணீராகிவிடும், அடிக்கடி மாற்ற வேண்டும். அந்தக் காரில்தான் பிள்ளை பெறப் போன பெண்களையும் பாம்பு கடித்தவர்களையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். 2022இல் பெற்றோல் 470 ரூபா போனபோது கியூவில் இரவிரவாக என்னோடு நின்றவன் நீ. பிறகு கியூஆர் கோட் முறையில் கிழமைக்கு 20 லீற்றர் தந்தார்கள். மற்றக் கார்கள் வெள்ளிக்கிழமையோடு படுத்துவிட்டன. நம்முடையது அந்த இருபதில் கிழமை முழுவதும் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்கு ஆட்களை ஏற்றிப் போய்வந்தது. அப்போது நீ ஸ்ராண்டில் எல்லோருக்கும் அந்தக் கணக்கைச் சொல்லிப் பெருமைப்பட்டாய். எனக்கு அது போதுமாக இருந்தது.

பள்ளிக்கூடப் படிவத்தில் தகப்பன் தொழில் என்ற இடத்தில் நீ "வியாபாரம்" என்று எழுதியதை நான் கண்டேன். அப்போது நீ சின்னப் பிள்ளை. நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ அழுதிருப்பாய். இப்போது நீ வளர்ந்தவன், படித்தவன், அம்மாவும் நானும் கோயிலில் உன் பெயரைச் சொல்லி அர்ச்சனை செய்யும்போது நிமிர்ந்துதான் நிற்கிறோம். நீ என்ன வேலை செய்தாலும் அப்படித்தான் நிற்போம். ஸ்ரியரிங் பிடிக்கிற கை குறைந்த கை இல்லை, அந்தக் கையால்தான் உனக்குச் சோறு போட்டேன். உன் படிப்பு எங்கேயும் போகவில்லை. அதற்கான வேலை பிந்தி வரட்டும்.

இன்னொரு செய்தி. விசுவமடுக் காணியை மீட்டுவிட்டேன். காணி உறுதிப் பத்திரம் வீட்டில் இருக்கிறது. அம்மா அதைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டியிருக்கிறா. உன் படிப்புக்கு வைத்த ஈடு இந்தக் காரின் உழைப்பில் தீர்ந்துபோனது. ஆகவே நீ எங்களுக்குக் கடன்காரன் இல்லை. மாதா மாதம் அனுப்புகிற காசை நிறுத்து. முதலில் உன் வாடகையைக் கட்டு, நித்திரை கொள்.

அம்மாவிடம் படத்தைக் காட்ட வேண்டாம் என்று மாமியிடம் சொல்லியிருக்கிறேன். அவ இன்னும் பக்கத்து வீட்டாருக்கு நீ கம்பனியில் கொம்பியூட்டருக்கு முன்னால் இருக்கிறாய் என்றுதான் சொல்கிறா. அதை மாற்றுகிறதென்றால் நீதான் மாற்ற வேண்டும், நான் மாற்ற மாட்டேன்.

அந்தப் பிரியஸின் மீற்றரில் எவ்வளவு ஓடியிருக்கிறது, சேர்விஸ் புத்தகம் முழுவதும் இருக்கிறதா, பற்றறி முதல் வந்ததா, இடையில் மாற்றியதா என்று எனக்குச் சொல். கடிதம் எழுத வேண்டாம், போன் எடு. நான் காலை 10 மணிக்குப் பிறகு ஸ்ராண்டில் இருப்பேன், அம்மா பக்கத்தில் இருக்க மாட்டா. அங்கே அப்போது விடியப்புறம் 5.30. நீ முழித்திருப்பாய் என்று எனக்குத் தெரியும்.

அன்புடன்
அப்பா