வைரஸுக்கு மருந்தே இல்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

காய்ச்சல் பரவும் காலங்களில் வெளியாகும் செய்திகளில் ‘வைரஸ் நோய்களுக்கு மருந்து கிடையாது’ என்ற வரி தவறாமல் இடம்பெறுகிறது. சாதாரணச் சளியைப் பொறுத்தவரை அது சரி. எல்லா வைரஸ் நோய்களுக்கும் அதைப் பொதுவாக்குவது தவறு.

பெரும்பாலான பாக்டீரியாக்களுக்குத் தனிச் செல்சுவரும், புரதம் தயாரிக்கும் சொந்த ரைபோசோம்களும் உண்டு. அவற்றின் அமைப்பு நம்முடையதிலிருந்து வேறுபடுவதால், நம் செல்களுக்குத் தீங்கின்றி அவற்றைத் தாக்க ஆன்டிபயாடிக் மருந்துகளால் முடிகிறது. வைரஸிடம் இவ்விரண்டுமே இல்லை. தன் மேற்புறப் புரதம் பொருந்தக்கூடிய செல்லுக்குள் நுழைந்து, அந்தச் செல்லின் ரைபோசோம்களைக் கொண்டே அது தன் புரதங்களைச் செய்துகொள்கிறது. வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் பயன்படாததற்கும், வைரஸை ஒடுக்கும் மருந்துகள் தாமதமாகவும் குறைவாகவும் கிடைத்ததற்கும் இதுவே காரணம்: குறிவைப்பதற்கு வைரஸுக்கே உரிய பாகங்கள் மிகச் சிலவே.

அந்தச் சிலவற்றைக் கண்டுபிடித்தவர்களின் சாதனையைத்தான் மேற்கண்ட வரி மறைத்துவிடுகிறது. தோலில் கொப்புளங்களை உண்டாக்கும் ஹெர்பிஸ் வைரஸுக்கு எதிரான அசைக்ளோவிர், அந்த வைரஸின் நொதியே முதலில் செயலூட்டினால்தான் வேலை செய்யும் என்பதால், தொற்றில்லாத செல்களை ஏறக்குறையத் தொடுவதே இல்லை. இதைவிட நேர்த்தியான மருந்து ஒன்றைச் சொல்வது எனக்குக் கடினம். கல்லீரலைத் தாக்கும் வைரஸ் நோயான ஹெபடைடிஸ் சி, பெரும்பாலும் 8 முதல் 12 வாரங்கள் உட்கொள்ளும் மாத்திரைகளால் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்குக் குணமாகிறது. எச்.ஐ.வி. தன் மரபுத் தகவலை நம் செல்லின் டி.என்.ஏ.வுக்குள் செருகிவிடுவதால் அதை முற்றிலும் அகற்ற முடிவதில்லை என்றாலும், மருந்தை விடாமல் எடுப்பவரின் இரத்தத்தில் வழக்கமான பரிசோதனைக்கு எட்டாத அளவுக்கு அதைக் குறைத்துவிட முடிகிறது. இன்ஃப்ளூயன்சாவுக்கான (ஃப்ளூ காய்ச்சல்) ஓசெல்டாமிவிர், அறிகுறி தோன்றிய 48 மணி நேரத்துக்குள் தொடங்கும்போதே அதிகப் பயன் தரும். ‘மருந்தில்லை’ என்று நம்பிக் காத்திருக்கும் முதியவர்களும் கர்ப்பிணிகளும் இழப்பது இந்த நேரத்தையே.

தடுப்பூசியின் பங்கு தனி. பெரியம்மை ஒழிந்துவிட்டதாக 1980இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தபோது, அதைக் குணப்படுத்தும் மருந்து எதுவும் கையில் இருக்கவில்லை.

ஆகவே, இனி வரும் செய்திகளில் பரவுவது எந்த வைரஸ், அதற்குத் தடுப்பூசி உண்டா, மருந்து உண்டெனில் எத்தனை நாளுக்குள் தொடங்க வேண்டும் என்ற விவரங்களையும், மருந்தில்லாத வைரஸ் நோய்க்கு ஆன்டிபயாடிக் மாற்றாகாது என்பதையும் சேர்த்து வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்