ஸ்லாஷ் ஈ போட்டுப் பாரும்வே

ஏ வே கோட்டிக்காரரே,

உம்ம லெட்டர் வந்துது. முழுக்க மெஷின் கதைதான், மைனி எப்படி இருக்காவ, முட்டுவலி தேவலையான்னு ஒரு வரி கூட இல்ல, ரிட்டயர் ஆன பொறவும் உமக்கு இந்தப் புத்தி போவல. அவிய கிட்ட நான் ரொம்ப கேட்டேன்னு சொல்லும்.

இங்க ஆனித்தேர் நல்லபடியா முடிஞ்சுது, நாலு ரதவீதியிலயும் கால் வைக்க எடமில்லன்னு சொன்னாவ, நான் கூட்டம் வடிஞ்ச பொறவுதான் டவுன் பக்கம் போனேன். குத்தாலத்துல சாரல் விழுதாம். பாளையங்கோட்டையில எங்க சாரல், வெறும் காத்துதான், மாடில காயப்போட்ட சாரத்த பக்கத்துத் தெருவுல போயி பெறக்கிட்டு வர வேண்டியிருக்கு. சின்னவளுக்கு ஆவணில கல்யாணம், மாப்பிள்ளை வீடு அம்பாசமுத்திரம், பத்திரிகை தனியா வரும். நீரும் மைனியும் முந்துன நாளே வந்துரணும், சாக்குப்போக்கு சொல்லக்கூடாது.

சரி, விஷயத்துக்கு வாரேன். மகன் வாங்கிக் குடுத்த அந்த பிடிபி-8 பேனல் போட்டோவ பாத்தேன், நல்லாருக்குவே. உள்ள ராஸ்பெர்ரி பைங்கிற குட்டி கம்ப்யூட்டரும், பழைய மெஷின் மாதிரியே நடிக்கிற சிம்ஹெச் எமுலேட்டரும்தான்னாலும், முன்னால அந்த லைட்டும் சுவிட்சும் பாத்தா கை பரபரங்குது. 1965ல டெக் கம்பெனி 18,000 டாலருக்கு வித்த மெஷின், 12 பிட் வேர்டு, 4096 வேர்டு மெமரி, அவ்வளவுதான் அதுக்கு சொத்து, இன்னைக்கி உம்ம மேசையில காபி டம்ளர் பக்கத்துல கெடக்கு. அப்போ நம்ம ஆளுங்களும் சும்மா இல்லவே, பம்பாய் டிராம்பே அணுசக்தி மையத்துல பண்ணுன டிடிசி-12 கம்ப்யூட்டர் கூட 12 பிட்டுதான்.

அந்த மெஷினோட ஆபரேட்டிங் சிஸ்டம் ஓஎஸ்/8 பூட் ஆயி புள்ளி வருது, பால்8ங்கிற அசெம்பிளர, அதான் நாம எழுதுறத மெஷின் கோடா மாத்துற புரோகிராம, ஓட்ட "ஆர் பால்8"னு அடிச்சா ஒரு நட்சத்திரம் வந்து நிக்குது, அதுக்குமேல என்ன அடிக்கன்னு தெரியல, மேனுவல பாத்தா ஏ பி சி டி வரிசையில ஆப்ஷனா கொட்டிக் கெடக்குன்னு எழுதிருக்கீரு. அந்த நட்சத்திரம் அசெம்பிளரோடது இல்லவே. கமாண்ட் டிகோடர்னு ஒருத்தன் இருக்கான், ஓஎஸ்/8ல பல புரோகிராமுக்கு ஃபைல் பேரு கேட்டு வாங்கிக் குடுக்குறவன் அவன்தான், இவன ஒருதடவ புரிஞ்சுக்கிட்டா பிப்பு, கிரெஃப்புன்னு மத்த புரோகிராம் எல்லாத்துக்கும் அதே பழக்கம்தான். நடுவுல < குறி, அதுக்கு வலது பக்கம் இருக்கது உள்ள போறது, இடது பக்கம் இருக்கது வெளிய வாறது. நம்ம யூனிக்ஸ் பழக்கத்துக்கு அப்படியே தலைகீழ். வலதுல ஒம்பது ஃபைல் வரைக்கும் குடுக்கலாம், இடதுல மூணு. பால்8க்கு இடதுல முதல் ஃபைல் பைனரி, அதாவது மெஷின் ஓட்டுற கோடு, ரெண்டாவது லிஸ்டிங், நீரு எழுதுன வரியும் அதுக்கு வந்த கோடும் பக்கத்துல பக்கத்துல. அதனால ஆட்ங்கிற உம்ம ஃபைலுக்கு

ஆட்,ஆட்<ஆட்/எச்

இப்படி அடிச்சா போதும், சோர்ஸுக்கு பிஏ, பைனரிக்கு பிஎன், லிஸ்டிங்குக்கு எல்எஸ்னு வால அவனே ஒட்டிக்கிடுவான்.

கடைசில ஸ்லாஷ் போட்டு வருதே ஒத்த எழுத்து, அதான் நீரு கேட்ட ஆப்ஷன். அதுல பாதி ஏன் இருக்குன்னு இன்னைக்கி கம்ப்யூட்டர பாக்குற பயலுக்குப் புரியாது. அந்தக் காலத்துல ஸ்கிரீன் ஏதுவே, ஏஎஸ்ஆர்-33 டெலிடைப்பு, செகண்டுக்கு பத்து எழுத்து அடிக்கும், அதும் தடதடன்னு ரூமே அதிரும். 1000 வரி லிஸ்டிங், வரிக்கு 40 எழுத்துன்னு வையும், 4000 செகண்டு ஆவுது, ஒரு மணி நேரத்துக்கு மேல உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கணும். அதான் ஸ்லாஷ் 'என்'னு (N) ஒண்ணு வச்சான், லிஸ்டிங் வேண்டாம், சிம்பல் டேபிள், அதான் எந்தப் பேருக்கு என்ன மதிப்புங்கிற பட்டியல், அது மட்டும் குடு. ஸ்லாஷ் எஸ் அதுக்கு எதிர்ப்பதம், லிஸ்டிங் குடு சிம்பல் டேபிள் வேண்டாம். ஸ்லாஷ் ஜே போட்டா, கண்டிஷன் பொய்யாப் போயி அசெம்பிள் ஆவாம விட்ட வரிய லிஸ்டிங்லயும் அடிக்காது. எல்லாமே பேப்பரும் நேரமும் மிச்சம் பண்ணத்தான். உமக்கு இதுல தேவை ஸ்லாஷ் எச் ஒண்ணுதான், தலைப்பு, பக்க நம்பர் எல்லாம் இல்லாம ஒரே ஓட்டமா வரும், ஸ்கிரீன்ல படிக்க சௌகரியம். ஸ்லாஷ் சி போட்டா கிரெஃப் புரோகிராமுக்கு கை மாத்தி விட்டுரும், எந்தப் பேரு எங்கெங்க வருதுன்னு பட்டியல் கெடைக்கும், அஞ்சு வரி புரோகிராமுக்கு அது எதுக்கு, பொறவு பாத்துக்கிடலாம்.

இப்போ நீரு அனுப்புன லிஸ்டிங்குக்கு வாரேன், லெட்டர் எழுத உக்காந்ததே இதுக்குத்தான். புரோகிராம் 200ல ஆரம்பிக்குது, ஏ, பி, சி மூணையும் 400ல வச்சிருக்கீரு. ஏவையும் பியையும் கூட்டி சியில போடணும், விடை சரியா வருது, ஆனா ஏவ கூட்டுற டேட் ஏங்கிற வரிக்கு 1777ன்னு வந்து பக்கத்துல ஒரு கீறல் கெடக்கு, அடுத்த டேடுக்கு 1776 கீறல், விடைய சியில போடுற டிசிஏக்கு 3775 கீறல், இது என்னவே பூச்சி ஊர்ந்த தடம்னு கேட்டிருக்கீரு.

பூச்சி இல்ல, அது லிங்க். பிடிபி-8ல ஒரு இன்ஸ்ட்ரக்ஷனுக்கு 12 பிட்டுதான், அதுல மூணு பிட்டு என்ன வேலைன்னு சொல்ல, ஒண்ணு இன்டைரக்டா இல்லையான்னு சொல்ல, ஒண்ணு பேஜ் ஜீரோவா இப்போ இருக்க பேஜான்னு சொல்ல, மிச்சம் ஏழு. ஏழு பிட்டுல 128 எடம்தான் சொல்ல முடியும். அதான் ஒரு பேஜ். எட்டெட்டா எண்ணுற ஆக்டல் கணக்குல 200ல இருந்து 377 வரைக்கும் ஒரு பேஜ், 400 அடுத்த பேஜ். 200ல நிக்கிறவனுக்கு 400ல இருக்க ஏவ நேரா கூப்பிட வாயே இல்ல. ஆனா பால்8 உம்மள திட்டல பாரும், கமுக்கமா ஒரு வேலை பண்ணிட்டு. ஆளு ஊருல இல்லன்னா பக்கத்து வீட்டுல விலாசத்த எழுதிக் குடுத்துட்டுப் போற மாதிரி, உம்ம பேஜோட கடைசி எடம் 377ல "400"னு எழுதி வச்சிட்டு, டேட் ஏங்கிறத 377ல இருக்க விலாசம் வழியா போன்னு மாத்திட்டு. 1777ன்னா அதான் அர்த்தம், டேடுக்கு 1000, இன்டைரக்டுக்கு 400, இதே பேஜுங்கிறதுக்கு 200, கடைசி எடம் 177, கூட்டிப் பாரும். கீறல் போட்டது, இது நீரு எழுதுனது இல்ல, நான் பண்ணுன வேலைன்னு சொல்லத்தான்.

அதான் விடை சரியா வருதே, அசெம்பிளருன்னா அதெல்லாம் அதுவா பாத்துக்கணும், நமக்கென்னன்னு நீரு எழுதிருக்கது எனக்கு ஒத்துக்கிடல. காலேஜ்ல 8085 கிட்டுல ஓப்கோடு சார்ட்ட பாத்து நோட்டுல கையால அசெம்பிள் பண்ணுன ஆளு பேசுற பேச்சாவே இது. ஒவ்வொரு லிங்குக்கும் பேஜ் மேல இருந்து ஒரு வேர்டு போவுது. உம்ம கோடு 200ல இருந்து மேல ஏறுது, லிங்கு 377ல இருந்து கீழ இறங்குது, ரெண்டும் முட்டுன அன்னைக்கி பிஇன்னு ஒரு எரர் வரும், பேஜ் நெறஞ்சு போச்சுன்னு, அப்போ எதனால நெறஞ்சுதுன்னு உமக்குத் தெரியாது, ஏன்னா பாதிய நீரு எழுதவே இல்ல. போதாக்கொறைக்கு இன்டைரக்டா போறதுக்கு ஒரு மெமரி சைக்கிள் கூட ஆவும், 8/ஈ மாடல்ல அது 1.2 மைக்ரோசெகண்டு, லூப்புக்குள்ள உக்காந்துக்கிட்டா சும்மா இல்ல. இன்னொண்ணு, நீரே இன்டைரக்டுன்னு ஐ போட்டு அடுத்த பேஜ்ல உள்ளத கூப்பிட்டீருன்னா அதால ஒண்ணும் செய்ய முடியாது, இன்டைரக்டுக்கு மேல இன்டைரக்டு மெஷின்ல கெடையாது, ஐஐன்னு எரர் அடிச்சிட்டு ஒதுங்கிரும்.

அதனால எடுத்த ஒடனே ஸ்லாஷ் ஈ போட்டுப் பழகும்வே. அது போட்டா லிங்கு உண்டாக்குற எடத்துலெல்லாம் எல்ஜின்னு எரர் காட்டும், சத்தமில்லாம ஒண்ணும் நடக்காது. உம்ம புரோகிராமுக்கு மூணு எல்ஜி வரும். பயப்படாதீரு, அந்த ஏ பி சிய, மெஷின நிறுத்துற ஹால்ட் வரிக்குக் கீழயே, 205, 206, 207ல வச்சுப் பாரும், கோடு 1205, 1206, 3207ன்னு சுத்தமா வரும், கீறலே இருக்காது. இல்ல பல பேஜுக்கும் பொதுவான டேட்டான்னா பேஜ் ஜீரோல 20ல வையும், 1020, 1021, 3022ன்னு வரும், எங்க நின்னு கூப்பிட்டாலும் கேக்கும். ஆனா அந்த பேஜும் 128தான், கண்டதையும் போட்டு அடைக்காதீரு. ரெண்டும் தோதுப்படலன்னா நீரே ஒரு பாயிண்டர் வச்சு ஐ போட்டுக் கூப்பிடும், லிங்கு பண்ணுன அதே வேலைதான், ஆனா இப்போ அது உம்ம கணக்குல இருக்கு. பெரிய புரோகிராம் எழுதுறவன் வேணும்னா லிங்க நம்பிட்டுப் போவட்டும், படிக்கிற காலத்துல நமக்கு அது ஆவாது.

எல்ஜி எல்லாம் போன பொறவு கடைசியா ஸ்லாஷ் ஜி. அசெம்பிள் பண்ணி, லோடு பண்ணி, 200ல இருந்து ஓட்டியும் விட்டுரும். லோடு மட்டும் போதும்னா ஸ்லாஷ் எல். ஆனா ஓட்டுறதுக்கு முன்னால ஹால்ட்ட எடுத்துட்டு, ஓஎஸ்/8க்குத் திரும்புற வாசலான 7600க்கு ஜம்ப் வையும், பேஜ் விட்டு பேஜ் போறதால ஐயும் அடைப்புக்குறியும் போட்டு எழுதணும், அப்போதான் புள்ளிக்குத் திரும்பி வரும், இல்லன்னா மெஷின் நின்னுபோயி மறுபடி சுவிட்ச நோண்டணும். லைட்டு பாக்க ஆசைன்னா ஹால்ட்டே இருக்கட்டும், அது உம்ம இஷ்டம்.

ஸ்லாஷ் ஈ போட்டு எடுத்த லிஸ்டிங்க அனுப்பும், பாக்கேன். கல்யாணத்துக்கு வரும்போது அந்த பேனலையும் தூக்கிட்டு வந்தீருன்னா ராத்திரி மாடில வச்சு ஓட்டலாம், மைனி திட்டுனா நான் சொல்லிக்கிடுதேன்.

உம்ம பழைய ரூம்மேட்டு

பின்குறிப்பு: ஏவுல 10ன்னு போட்டுட்டு விடைய பத்தா எதிர்பாக்காதீரு, அது எட்டு. பால்8ல எண் எல்லாம் ஆக்டல்தான், நம்ம கணக்கு வேணும்னா மேல டெசிமல்னு ஒரு வரி எழுதணும். பொறவு கேப்ஸ் லாக்க போட்டுட்டு உக்காரும்.