மென்பொருளுக்கு முன் வடிவியல்

ஆசிரியர் அவர்களுக்கு,

நிரல் எழுதி வடிவங்களை உருவாக்கும் கணினிவழி வடிவமைப்பைக் கற்பது பற்றித் தங்கள் கல்விப் பக்கத்தில் வந்த கட்டுரை, பழக வேண்டிய மென்பொருள்களை விரிவாகச் சொன்னது. மாணவர்கள் தடுமாறும் இடம் வேறு. நிரலை ஓட்டுமுன் என்ன வடிவம் வரும் என்று அவர்களால் ஊகிக்க முடிவதில்லை. தவறாக வந்தால் காரணமும் பிடிபடுவதில்லை. அந்த ஊகத்திறன் காகிதத்திலும் பென்சிலிலும்தான் முதலில் வளர்கிறது.

கெட்டி அட்டையில் 8 செ.மீ. பக்கமுள்ள சமபக்க முக்கோணங்களை வெட்டி, ஒரு புள்ளியைச் சுற்றி ஒட்டிப் பாருங்கள். ஆறு முக்கோணங்கள் 360 பாகை, தட்டையாகக் கிடக்கும். ஐந்து என்றால் 300 பாகைதான். நடுப்புள்ளி மேடாக எழும். ஏழு என்றால் 420 பாகை. மிஞ்சிய 60 பாகைக்கு இடமில்லாமல் குதிரைச் சேணம்போல் ஓரிடம் ஏறி ஓரிடம் இறங்கும். பரப்பின் உள்ளார்ந்த வளைவு நேர்மறையா (மேடு), சுழியா (தட்டை), எதிர்மறையா (சேணம்) என்பதை இதைவிடத் தெளிவாக எந்தத் திரையும் காட்டாது. வளைவின் அளவைக் காட்ட மென்பொருள் தீட்டும் நிறங்கள் அளவெல்லையை மாற்றினாலே மாறிவிடும்.

பரப்பை இழுக்காமல், சுருக்காமல் எப்படி மடக்கினாலும் இந்த வளைவு மாறாது என்று கணிதவியலாளர் காஸ் 1827-இல் நிறுவினார். தட்டைத் தகடு உருளைக்கும் கூம்புக்கும் படியும், கோளத்தில் படியாமல் சுருக்கம் விழும் அல்லது கிழியும் என்பதற்கு இதுவே காரணம். சிட்னி ஓபரா மாளிகையின் சிப்பி வடிவக் கூரைகள் யாவும் சுமார் 75 மீட்டர் ஆரமுள்ள ஒரே கோளத்தின் துண்டுகள். கோளம் எங்கும் ஒரே மாதிரி வளைவதால், கான்கிரீட் பாகங்களை ஒரே அச்சுகளில் திரும்பத் திரும்ப வார்க்க முடிந்தது.

அடுத்து, வெக்டர், அதாவது நீளமும் திசையும் கொண்ட அம்பு. ஒரு பலகத்தின் நான்கு மூலைகள் ஒரே தளத்தில் உள்ளனவா என்று பார்க்க, ஒரு மூலையிலிருந்து மற்ற மூன்றுக்கும் வெக்டர் எடுங்கள். இரண்டின் குறுக்குப் பெருக்கம் (இரண்டுக்கும் செங்குத்தான வெக்டரைத் தரும் பெருக்கல்) தளத்துக்குச் செங்குத்தான திசையைத் தரும். அதை மூன்றாவதோடு புள்ளிப் பெருக்கம் (ஒத்த கூறுகளைப் பெருக்கிக் கூட்டுவது) செய்து, குறுக்குப் பெருக்கத்தின் நீளத்தால் வகுத்தால் நான்காவது மூலை தளத்தை விட்டு எவ்வளவு விலகியுள்ளது என்பது கிடைக்கும். (0,0,0), (1000,0,0), (0,1000,0), (1000,1000,40) என்ற மி.மீ. புள்ளிகளுக்கு விடை 40 மி.மீ. இதைக் கையால் ஒருமுறை போட்டவருக்கு, மூலைகளின் வரிசை மாறினால் செங்குத்துத் திசை ஏன் தலைகீழாகிறது, தடிமன் கொடுக்கும்போது சில முகங்கள் ஏன் உள்ளே போகின்றன என்பதும் விளங்கிவிடும்.

அதிகம் பேரை ஏமாற்றுவது வளைகோட்டின் பாராமீட்டர், அதாவது தொடக்கத்தில் 0, முடிவில் 1 என்று கோட்டில் இடத்தைக் குறிக்கும் எண் t. 0, 1, 10 என்ற கட்டுப்பாட்டுப் புள்ளிகளை ஒரே நேர்கோட்டில் வைத்து இருபடி பெஸியே கோடு (மூன்று கட்டுப்பாட்டுப் புள்ளிகளால் வடிவம் பெறும் கோடு) வரைவோம். t = 0.5 எங்கே விழும்? நடுப்புள்ளிகள் 0.5, 5.5, அவற்றின் நடு 3. பாராமீட்டரில் பாதி வந்தாயிற்று, நீளத்திலோ பத்தில் மூன்றுதான்! பாராமீட்டரைச் சமமாகப் பிரித்துத் தூண்களை நட்டால் ஒரு முனையில் நெருங்கும், மறுமுனையில் விலகும். சம இடைவெளி வேண்டுமென்றால் நீளத்தால் பிரிக்க வேண்டும்.

ஒரு வளைகோட்டிலிருந்து எங்கும் ஒரே தொலைவு தள்ளி இணைகோடு எடுக்கும்போதும் இப்படித்தான். மிக இறுக்கமான வளைவின் ஆரம் 20 மி.மீ. என்றால், உட்பக்கம் 25 மி.மீ. தள்ளிய கோடு தன்னையே வெட்டிக்கொள்ளும். மென்பொருளைக் குறை சொல்வதில் பயனில்லை. ஆரத்தைப் பெரிதாக்க வேண்டும், அல்லது தள்ளும் தொலைவைக் குறைக்க வேண்டும்.

பாடத்திட்டம் வகுப்போரிடம் நாங்கள் கேட்பது இதுதான்: முதல் மூன்று வாரங்கள் கணினி இல்லாமல் அட்டை, நூல், வரைதாளோடு நடக்கட்டும். அதன் பிறகும் ஒவ்வொரு பயிற்சியிலும், நிரலை ஓட்டுமுன் வரப்போகும் வடிவத்தைக் கையால் வரைந்து தரச் சொல்லி, அந்தப் படத்துக்கும் மதிப்பெண் கொடுங்கள்.

இப்படிக்கு,
கணினிவழி வடிவமைப்பு கற்பிக்கும் ஆசிரியர்கள்