உடை மாற்ற ஓர் இடம்: அலைச்சறுக்கு விழாக் குழுவினருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய விழாக் குழுவினருக்கு,

வணக்கம். கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் கடந்த ஆகஸ்டில் நீங்கள் நடத்திய அலைச்சறுக்கு (சர்ஃபிங்) விழாவுக்கு என் பன்னிரண்டு வயது மகளோடு வந்திருந்தேன். இரண்டாம் நாள் காலை, பெண்கள் பிரிவின் முதல் சுற்றுக்கு முன்னால், உங்கள் அறிவிப்பாளர் ஒலிபெருக்கியில் வருத்தப்பட்டார். ஆண்கள் பிரிவில் இத்தனை பேர் இருக்க, பெண்கள் இவ்வளவு குறைவாக வருகிறார்களே, பெற்றோர் இன்னும் பெண் பிள்ளைகளைக் கடலுக்கு அனுப்பத் தயங்குகிறார்களே என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர் அதைச் சொன்ன நேரத்தில், அலை கற்க நான் அனுப்பிய பெண், சொட்டச் சொட்ட நனைந்த உடையோடு, கரையேற்றி வைத்திருந்த ஒரு ஃபைபர் படகின் மறைவில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். அதனால்தான் எழுதுகிறேன்.

அன்று காலை ஆறரை மணிக்கு உங்கள் தொடக்கநிலைப் பயிற்சியில் அவள் சேர்ந்தாள். தென்காற்று எழுப்பும் அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. குப்புறப் படுத்துத் துடுப்பிட்டு, கைகளை ஊன்றி எழும்போதெல்லாம் விழுந்தவள், பத்துப் பன்னிரண்டு முறைக்குப் பிறகு, உடைந்து வரும் வெள்ளை நுரையின் மேல் முழங்கால் மடக்கி நின்றேவிட்டாள். பயிற்சி தந்த மீனவ இளைஞர் அவளைவிட உரக்கக் கத்தினார். அந்தச் சில நொடிகளுக்காக உங்களுக்கு நான் என்றும் நன்றி சொல்வேன்.

பிறகு அவள் உடை மாற்ற வேண்டியிருந்தது. ‘உடை மாற்றும் இடம்’ என்று எழுதிய கூடாரத்துக்குப் போனோம். அதற்குள் பலகைகளும் விளம்பரதாரர்களின் அட்டைப் பெட்டிகளும் கூரைவரை அடுக்கப்பட்டிருந்தன. வாகன நிறுத்தத்தின் ஓரம், ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக வைத்திருந்த இரண்டு பிளாஸ்டிக் கழிப்பறைகளில் ஒன்பது மணிக்கே தண்ணீர் தீர்ந்திருந்தது. கால் வைக்க முடியவில்லை. தன்னார்வலராக நின்ற ஒரு கல்லூரி மாணவி, “கார்ல மாத்திக்கோங்க ஆன்ட்டி” என்றாள். நாங்கள் பேருந்தில் வந்தவர்கள்.

படகுக்குப் பின்னால் என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காற்று ஒரு முனையைப் பறித்துக்கொண்டு போனது. அருகே நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மா எழுந்து வந்து, எதுவும் கேட்காமல் அந்த முனையைப் பிடித்தார். அப்போதும் என் மகள் மாற்ற மறுத்தாள், பந்தல் பக்கம் ஆட்கள் போய் வந்துகொண்டிருந்தார்கள். “புள்ள நடுங்குது பாரு. வூட்டுக்கு வாம்மா, ஒரு கொடம் தண்ணி ஊத்திக்கட்டும்” என்று தம் வீட்டுக்கு அழைத்துப் போனார். விலைக்கு வாங்கிய தண்ணீரில் ஒரு குடத்தை அவளுக்குக் கொடுத்தார். அவருடைய பேத்தியும் பலகை ஏறியவளாம். வயதுக்கு வந்த பிறகு வெளியூர்ப் போட்டிகளுக்குப் போவதில்லையாம். கடல் பயமா என்று அறியாமல் கேட்டுவிட்டேன். “கடலுக்கு இன்னா பயம்? துணி மாத்த எடமில்ல” என்றார்.

அன்று மதியம்வரை என் மகள் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. பாட்டிலை நீட்டியபோதெல்லாம், “வேண்டாம்மா, அப்புறம் பாத்ரூம் வரும்” என்று தள்ளிவிட்டாள். ஆகஸ்ட் வெயிலில், உப்பு நீரில் இரண்டு மணி நேரம் புரண்டு வந்த ஒரு குழந்தை அப்படிச் சொன்னது. மற்ற எல்லாவற்றையும் நான் மறந்துவிடுவேன், இதை மறக்க என்னால் ஆகவில்லை.

எனவே, என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் கதவும் தாழ்ப்பாளும் உள்ள உடை மாற்றும் அறைகளும், நாள் முழுவதும் தண்ணீர் வரும் தனிக் கழிப்பறைகளும் அடுத்த விழாவில் இருக்க வேண்டும்.

மாலையில் உங்கள் அலுவலகப் பந்தலில் இதைச் சொன்னபோது, கடற்கரை ஒழுங்குமுறை விதிகள் கட்டடம் கட்ட விடுவதில்லை என்று பதில் வந்தது. நான் கட்டடம் கேட்கவில்லை. 2019 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையே, உரிய நிபந்தனைகளோடு, கடற்கரைகளில் தற்காலிகக் கழிப்பறை, உடை மாற்றும் அறை, குளியல் குழாய், குடிநீர் வசதி ஆகியவற்றுக்கு இடம் தருகிறது. இதே சாலையில் உள்ள கோவளம் கடற்கரை 2021இல், தூய்மையும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்குத் தரப்படும் பன்னாட்டு அங்கீகாரமான நீலக்கொடிச் சான்று பெற்றது. தூய்மையான கழிப்பறை வசதி அந்தச் சான்றுக்கான நிபந்தனைகளில் ஒன்று. கோவளத்தில் முடிந்தது உங்களால் ஏன் முடியாது?

மேடைக்கு இடம் இருந்தது. ஆளுயர ஒலிபெருக்கிகளுக்கும், சிறப்பு விருந்தினருக்கான நிழற்பந்தலுக்கும், அதற்குள் போட்ட சோபாக்களுக்கும் இடம் இருந்தது. யாருடைய கரையில் விழா நடந்ததோ அந்தக் குப்பத்து மக்கள் கயிற்றுக்கு வெளியே நிற்க, அறிவிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே ஒலித்தன. பேருந்து நிலையமோ, பள்ளியோ, திருமண மண்டபமோ, எங்கே போவதானாலும் தண்ணீரைக் குறைத்துக் குடித்துவிட்டுப் புறப்படும்படி நம் பெண்கள் சிறு வயதிலேயே பழகிவிடுகிறார்கள். அந்தப் பழக்கத்தைக் கடற்கரையிலும் என் மகள் கற்க வேண்டுமா? கற்றுத்தந்துவிட்டு, ஏன் வரவில்லை என்று ஒலிபெருக்கியில் கேட்பது எந்த வகையில் நியாயம்?

கோபம் எழுத்தில் ஏறிவிட்டது, பொறுத்தருள வேண்டும். உங்கள் உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் அலைச்சறுக்கு முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது ஆண்களுக்கு 20, பெண்களுக்கு 20 என்று சமமாகத்தான் இடங்கள் ஒதுக்கினார்கள். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நம் மாமல்லபுரத்திலேயே நடந்தது. அந்த உயரத்துக்குப் போகக்கூடிய பெண் பிள்ளைகள் நம் குப்பங்களிலேயே இருக்கிறார்கள் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்களுக்காகவே மீண்டும் கேட்கிறேன்: தாழ்ப்பாள் உள்ள அறைகளையும் தண்ணீர் வரும் கழிப்பறைகளையும் அமைத்துத் தாருங்கள். அவற்றைப் பராமரிக்கும் பொறுப்பை, உரிய கூலியோடு, அந்தக் குப்பத்துப் பெண்களிடமே ஒப்படையுங்கள். பொருள்களை அடுக்க வேறு கூடாரம் போட்டுக்கொள்ளுங்கள்.

என் மகள் அடுத்த ஆண்டும் வர வேண்டும் என்கிறாள். உங்கள் அடுத்த அறிவிப்பு வெளிவந்ததும், அறைகள் எத்தனை, எங்கே என்ற விவரத்தைத்தான் முதலில் தேடுவேன். அதைப் பார்த்த பிறகே அவள் பெயரைப் பதிவு செய்வேன்.

இப்படிக்கு,
அலை கற்கும் ஒரு சிறுமியின் தாய்