தேன்மொழியின் கடையும் என் கடையும்

மேற்கு மாம்பலம், சென்னை 33

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆயிற்று. பதில் போடாததற்குக் காரணம் சோம்பல் இல்லை. தேன்மொழியின் கடைக்கு விளம்பர ஆள் வைக்கலாமா என்று நீ கேட்ட கேள்விக்கு இங்கே உட்கார்ந்தபடி பதில் சொல்ல மனசு வரவில்லை. குரோம்பேட்டைக்குப் போய் உன் மகளின் கடையை நேரில் பார்த்துவிட்டு எழுதலாம் என்றிருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமைதான் தோது வந்தது.

முதலில் நல்ல சேதி. தேன்மொழி நன்றாக இருக்கிறாள். மாடி அறையில் ஆரி சட்டம் (கொக்கி ஊசியால் பூ வேலை செய்யத் துணியை இழுத்துக் கட்டும் சட்டம்) இரண்டு, தையல் மெஷின் ஒன்று. ஒரு கல்யாணப் பெண்ணுக்குக் கத்திரிப்பூ நிறத்தில் பிளவுஸ் போட்டுக்கொண்டிருந்தாள். பின் கழுத்தில் ஜர்தோசி என்ற ஜரிகைக் கம்பி வேலையில் மயில், தோகைக்குக் கட் பீட்ஸ் மணிகள். மிக்சி, கிரைண்டர் ரிப்பேர் பார்க்கிற எனக்கு மிக்சி ஜாரைத் தவிர ஒன்றும் தெரியாது, ஆனால் அந்த மயிலை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. இன்ஸ்டாகிராமில் அதே பிளவுஸின் படத்தைக் காட்டினாள். ராத்திரி டியூப்லைட்டில் எடுத்தது. கத்திரிப்பூ கறுப்பாகத் தெரிந்தது, மயில் கோழியாகியிருந்தது, ஓரத்தில் மாப்பிள்ளையின் கால் வேறு.

இந்த லட்சணத்தில் மாதம் 12,000 ரூபாய் கேட்கிறானாம் ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஆள். கொடுக்கலாமா என்றுதானே கேட்டிருந்தாய்? வேண்டாம். நான் பட்டுவிட்டேன். இரண்டு வருஷத்துக்கு முன் ஒருவரிடம் மாதம் 8,000 வீதம் மூன்று மாதம் அழுதேன். பொங்கல் வாழ்த்து, குடியரசு தின வாழ்த்து, மகளிர் தின வாழ்த்து என்று என் கடைப் பெயரைப் போட்டு அழகழகாகப் படம் வெளியிட்டார்கள். வாழ்த்தைப் பார்த்துவிட்டு எவனாவது கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு வருவானா? அதற்கும் முன்னால் இன்னொன்று. 'கூகுளில் இருந்து பேசுகிறோம், பணம் கட்டாவிட்டால் உங்கள் கடையை மேப்பிலிருந்து எடுத்துவிடுவோம்' என்று ஒரு போன். 4,999 ரூபாய் அனுப்பிய பிறகுதான் என் பையன் சொன்னான், அந்தப் பதிவுக்குக் கூகுள் காலணாகூட வாங்குவதில்லை என்று. தேன்மொழிக்கும் இப்படி ஒரு போன் வந்ததாம். அவள் கெட்டிக்காரி, வைத்துவிட்டாள்.

கூகுள் மேப் விஷயத்தில் எனக்கு நேர்ந்த கூத்தை உனக்குச் சொன்னேனா? என் கடை ரயில்வே லைனுக்கு மேற்கே இருக்கிறது. மேப்பில் புள்ளி விழுந்திருந்தது கிழக்கே, ரங்கநாதன் தெருப் பக்கம். ஒரு பாட்டி டேபிள் டாப் கிரைண்டரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு தி.நகர் கூட்டத்தில் அரை மணி நேரம் சுற்றிவிட்டு, துரைசாமி சுரங்கப்பாதை வழியாக இந்தப் பக்கம் வந்து சேர்ந்தார். ஆட்டோக்காரர் என்னைத் திட்டியதை எழுத முடியாது. அன்று ராத்திரியே புள்ளியை விரலால் இழுத்துச் சரியான இடத்தில் வைத்தேன். வேலை நேரம், போன் நம்பர், ஞாயிறு விடுமுறை எல்லாம் போட்டேன். செலவு பூஜ்யம். இன்றைக்கு என் கடைக்கு வரும் புது முகங்களில் பாதிப் பேர் 'மேப்ல பார்த்தேன்' என்றுதான் வருகிறார்கள். வீட்டில் மாவு பாதி அரைத்த நிலையில் பெல்ட் அறுந்தால், ஜனங்கள் போனை எடுத்துப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்றுதான் தேடுகிறார்கள். அந்த நேரத்தில் நம் பெயர் அங்கே இருக்க வேண்டும்.

ஆகவே அதையே தேன்மொழிக்கும் செய்து கொடுத்தேன். கடை நிஜமாகவே இருக்கிறதா என்று கூகுள் சரிபார்க்கும். முன்பெல்லாம் தபாலில் ஒரு எண் வரும், அதைப் போட்டால் போதும். இப்போது வீடியோ கேட்கிறார்கள். தெரு, பெயர்ப் பலகை, உள்ளே வேலை நடக்கும் இடம், மூன்றையும் வெட்டாமல் ஒட்டாமல் ஒரே ஓட்டத்தில் எடுக்க வேண்டும். அவள் போனைப் பிடித்துக்கொண்டு தெருமுனையிலிருந்து நடந்து வர, நான் முன்னால் போய் நாயை விரட்டினேன். எதிர் வீட்டு அம்மா 'என்ன சீரியலுங்க?' என்று கேட்டது வீடியோவில் பதிவாகிவிட்டது. அப்படியே அனுப்பினோம். நாலாம் நாள் பச்சைக்கொடி காட்டிவிட்டார்கள். பெயரை மட்டும் 'தேன்மொழி பெஸ்ட் ஆரி பிளவுஸ் குரோம்பேட்டை' என்று போடப் பார்த்தாள். தடுத்தேன். பலகையில் இருக்கிற பெயரைத்தான் போட வேண்டும், வாலை நீட்டினால் பதிவையே முடக்கிவிடுவார்கள்.

அப்புறம் ரிவ்யூ. நல்லதாக எழுதினால் ஐம்பது ரூபாய் தள்ளுபடி தருகிறேன் என்று சொல்லலாமா என்று கேட்டாள். கூகுள் விதிப்படி கூடாது. பிளவுஸை வாங்கிப் போட்டுப் பார்த்து, கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பி நிற்பார்கள் பார், அப்போது கேள், அந்த நேரத்தில் யாரும் மறுக்க மாட்டார்கள் என்றேன்.

இன்ஸ்டாகிராமில் அவளுக்கு 2,300 பேர் இருக்கிறார்கள். அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை, அவளிடமே சொல்லிவிட்டேன். மிக்சி கப்ளர் (மோட்டாரையும் ஜாரையும் இணைக்கும் பல் சக்கரம்) மாற்றுவது எப்படி என்று நான் போட்ட ரீல்ஸ் ஒன்று லட்சத்தைத் தாண்டியது. வந்த வியாபாரம்? துபாயிலிருந்து ஒருவர் ஜார் மூடி அனுப்ப முடியுமா என்று கேட்டார். 'தொழிலைச் சொல்லிக் கொடுத்துட்டு ஈ ஓட்டுங்க' என்றாள் உன் தங்கச்சி. எங்கேயோ இருந்து விருப்பக்குறி போடுகிறவள் அளவு கொடுக்கக் குரோம்பேட்டைக்கு வருவாளா? பல்லாவரம், ஹஸ்தினாபுரம், சானடோரியம் பெண்கள் நூறு பேர் பார்த்தால் போதும் இவளுக்கு.

ஒரே ஒரு விஷயத்துக்குக் கோபித்துக்கொண்டேன். எங்கிருந்தோ இறக்கிய டிசைன் படங்களைத் தன் வேலை மாதிரிப் போட்டிருந்தாள். நாளைக்கு ஒருத்தி அதே போல் வேண்டும் என்று வந்து நின்றால் என்ன செய்வாள்? எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னேன். முகம் சுண்டிப் போயிற்று, ஆனாலும் அழித்தாள். மறுநாள் காலை எட்டு மணி வெயிலில் பால்கனியில் அந்த மயிலைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினாள். கத்திரிப்பூ கத்திரிப்பூவாகவே இருந்தது. அதன் கீழே '4,500 ரூபாய், பத்து நாள்' என்று எழுத வைத்தேன். 'ரேட் என்ன' என்று கேட்கிறவர்களையெல்லாம் இன்பாக்ஸுக்கு வா என்று இழுத்தால் பாதிப் பேர் வருவதில்லை.

வாட்ஸப் பிசினஸ் செயலியை ஏற்கெனவே வைத்திருக்கிறாள். பிராட்காஸ்டில், அதாவது ஒரே சேதியைப் பலருக்கும் ஒரேயடியாக அனுப்பும் வசதியில், ஒரு பட்டியலுக்கு 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் நம் நம்பரைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும். இது அவளுக்குத் தெரியாது. யாருமே பதில் போடுவதில்லை என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தாள். பில்லைக் கொடுக்கும்போதே நம்பரைச் சேமிக்கச் சொல் என்றிருக்கிறேன்.

விளம்பரத்துக்குக் காசே போட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆடி பிறக்க இன்னும் பத்து நாள். ஆடியில் கல்யாணம் இல்லை, ஆர்டர் இருக்காது என்று அவள் சோர்ந்திருந்தாள். ஆனால் தள்ளுபடியில் பட்டுப் புடவை எடுக்க ஊரே தி.நகரில் குவிவது அப்போதுதானே? எடுத்த புடவைக்கு ஆவணி முகூர்த்தத்துக்குள் பிளவுஸ் வேண்டும். ஆவணியில் விளம்பரம் போட்டால் தைக்க நாள் ஏது? அதனால் ஆடி நடுவில் பத்து நாள், நாளுக்கு 150 ரூபாய், குரோம்பேட்டையைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்கு மட்டும். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து மொத்தம் 1,770. மயில் படத்தையே போடுவதாகப் பேச்சு. நாலு பிளவுஸ் வந்தாலும் கட்டுப்படி ஆகும் என்கிறாள். வராவிட்டால் அந்தக் காசை நான் தருகிறேன் என்று வாய்விட்டுவிட்டேன், உன் தங்கச்சியிடம் சொல்லிவிடாதே.

என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. நீ அம்பாசமுத்திரத்திலிருந்து எப்போது வருகிறாய்? வரும்போது கருப்பட்டி இரண்டு கிலோ கொண்டு வா. அப்புறம், உன் வீட்டு மிக்சி ஜாரில் அடியில் தண்ணீர் ஒழுகுகிறது என்று எழுதியிருந்தாயே, அது புஷ் (பிளேடின் அச்சைத் தாங்கும் வளையம்) தேய்ந்திருக்கும். ஜாரைக் கவிழ்த்து அடிப்பக்கம் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்பு. பகல் வெளிச்சத்தில் எடு.

அன்புடன்,
கணேசன்