நீ அனுப்பிய மாரா படங்கள்

அன்புள்ள தங்கைக்கு,

கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்திலிருந்து நீ அனுப்பிய படங்களை நேற்றிரவு பொறுமையாகப் பார்த்தேன். ‘சிறுத்தை’, ‘சிறுத்தைக் குட்டி’, ‘காட்டுப்பூனை’ என்று நீ எழுதியிருக்கும் மூன்று பெயர்களும் மாற வேண்டியவை. ஆல்பத்தை அச்சுக்குக் கொடுக்குமுன் திருத்திவிடு.

கரையான் புற்றின்மேல் ஏறி நின்று தொலைவை நோக்கும் முதல் விலங்கு சிவிங்கிப்புலி. ஆங்கிலத்தில் சீட்டா எனப்படும் இதையும், லெப்பர்ட் எனப்படும் சிறுத்தையையும், இரண்டையுமே சிறுத்தை என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. 2022இல் நமீபியாவிலிருந்து மத்தியப் பிரதேசத்தின் குனோ தேசியப் பூங்காவுக்கு எட்டுச் சிவிங்கிப்புலிகள் வந்தபோதுதான் இந்தப் பெயர் பலர் காதில் விழுந்தது. கண்ணின் உள்மூலையிலிருந்து வாயோரம்வரை இறங்கும் கருங்கோட்டைப் பார். சிறுத்தைக்கு அது கிடையாது. சிவிங்கிப்புலியின் புள்ளிகள் மை தொட்டு வைத்தாற்போல் நிறைந்திருக்கும். சிறுத்தையின் முதுகிலும் விலாவிலும் அவை நடுவே பழுப்புத் தெரியும் வளையங்களாகச் சேர்ந்திருக்கும். மாலை வெளிச்சத்தில் புள்ளிகளை நம்ப முடியாதபோது உடல்வாகே துணை: சிறிய தலை, ஒட்டிய இடுப்பு, நீண்ட கால்கள் என்றால் சிவிங்கிப்புலி, குட்டைக் கால்களும் தடித்த கழுத்துமாய், இரையை மரத்தின்மேல் இழுத்துச் செல்வது சிறுத்தை. சிங்கமும் கழுதைப்புலியும் இரையைப் பறித்துவிடும் என்பதால், சிவிங்கிப்புலி பெரும்பாலும் பகலில்தான் வேட்டையாடுகிறது. நீ அதைக் காலை வெயிலில் கண்டதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். வண்டி ஓட்டுநர் ‘டூமா’ என்று சொன்னாரா, ‘சுயி’ என்று சொன்னாரா என நினைவுபடுத்திப் பார். சுவாஹிலியில் முன்னது சிவிங்கிப்புலி, பின்னது சிறுத்தை.

இரண்டாவது படத்தில் இருப்பது குட்டியே அல்ல, வளர்ந்த செர்வல் என்னும் ஆப்பிரிக்கப் பூனையினம். தலைக்கு மீறிய அந்தக் காதுகளும் குட்டை வாலும் வேறெதற்கும் இல்லை. புல்லுக்கடியில் எலி அசையும் ஒலியைக் கேட்டே அது பாய்ந்து பிடிக்கும் என்பதை நினைத்தால், அந்தக் காதுகள் மேல் எனக்குத் தனிப் பிரியம்.

மூன்றாவதாக, விடுதிக் கூரைக் கட்டையில் இரவில் நீ படம் பிடித்த விலங்கு, ஜெனெட். கூர்மூக்கு, குட்டைக் கால்கள், உடலளவு நீண்ட வளையமிட்ட வால். இது புனுகுப்பூனையின் இனம், பூனைக் குடும்பமே அன்று.

மங்கலாக இருக்கிறது என்று நீ ஒதுக்கிய நான்காவது படத்தில், புள்ளியற்ற செந்நிற விலங்கு ஒன்று திரும்பிப் பார்க்கிறது. காது நுனியில் கருமயிர்க் கற்றை இருந்ததா? இருந்திருந்தால் அது கேரக்கல் என்னும் பூனையினம். காணக் கிடைப்பது அரிது. அந்தப் படத்தை அழித்துவிடாதே, மூலக் கோப்பை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்