3(கே) பிரிவை நீர்த்துப்போக விடாதீர்கள்

காப்புரிமைகள் தலைமைக் கட்டுப்பாட்டாளர் அவர்களுக்கும், கிண்டி அலுவலகத்தில் கணினி சார்ந்த விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

கணித முறையும் அல்காரிதமும் (கணக்கிடும் படிமுறை) கண்டுபிடிப்பு ஆகா என்று சொல்லும் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவைப் பற்றி எழுதுகிறேன். லினக்ஸ் என்ற திறமூல (நிரலை எவரும் பார்த்து மாற்றக்கூடிய) இயங்குதளத்தில் வரைகலை, வீடியோ மென்பொருள்களோடு தினமும் புழங்குகிறவன் நான்.

எஸ்3டிசி என்ற படச்சுருக்க முறையைப் பாருங்கள். கணினி விளையாட்டில் சுவர், தரை, உடை ஆகியவற்றின் மேல் ஒட்டும் படங்களைச் சுருக்குவது அதன் வேலை. படத்தை நான்குக்கு நான்கு புள்ளிகள் உள்ள கட்டங்களாகப் பிரிக்க வேண்டும். கட்டத்துக்கு இரண்டு நிறங்கள், தலா 16 பிட். அவற்றுக்கு இடையே மூன்றில் ஒரு பங்கிலும் இரண்டு பங்கிலும் இன்னும் இரண்டு நிறங்களைக் கணக்குப் போட்டு எடுத்துக்கொள்ளலாம். 16 புள்ளிகளில் ஒவ்வொன்றும் இந்த நான்கில் எது என்று சொல்ல 2 பிட் போதும். ஆக மொத்தம் 64 பிட். சுருக்காமல் வைத்தால் 384. அழகான யோசனை, மறுக்கவில்லை. ஆனால் கணக்கைத் தவிர இதில் வேறென்ன இருக்கிறது?

இதன் மேல் அமெரிக்கக் காப்புரிமை இருந்ததால், லினக்ஸின் திறமூல வரைகலை இயக்கிகள் உருவாகும் மெசா திட்டத்தில் இந்த நிரலைச் சேர்க்க முடியவில்லை. அது தனி நூலகமாக ஒதுங்கிக் கிடந்தது. விளையாட்டு ஓடவில்லை என்றால் பயனரே தேடிப்பிடித்து நிறுவிக்கொள்ள வேண்டும். காப்புரிமையில் சிக்காமலிருக்க எஸ்2டிசி என்று தரம் குறைந்த மாற்று ஒன்றையும் எழுதினார்கள். நன்றாகச் செய்யத் தெரிந்த ஒன்றை வேண்டுமென்றே மட்டமாகச் செய்ய ஒரு திறமைசாலியின் உழைப்பு செலவானது. என்னை மிகவும் உறுத்துவது இதுதான். 2017 அக்டோபரில் காப்புரிமை காலாவதியானது. அதே மாதம் மெசாவில் சேர்த்துவிட்டார்கள்.

அதோடு முடிந்துவிடவில்லை. 2022-ல் ஃபெடோரா என்ற லினக்ஸ் வகை, காப்புரிமைச் சட்டச் சிக்கலுக்கு அஞ்சி, தன் மெசாவில் எச்.264, எச்.265 என்ற வீடியோச் சுருக்க முறைகளுக்கான வன்பொருள் முடுக்கத்தை (வீடியோ வேலையை வரைகலைச் சிப்பே செய்யும் வசதியை) நீக்கியது. ஏஎம்டி சிப்பில் அந்தத் திறன் இருக்கிறது, அதற்குக் காசும் கொடுத்தாயிற்று. ஆனாலும் சிபியுதான் வீடியோவை இழுக்க வேண்டும், பேட்டரி கரையும். அமெரிக்கச் சட்டத்துக்குப் பயந்து செய்தது, திருநெல்வேலியில் ஃபெடோரா நிறுவுகிறவரையும் பாதிக்கிறது.

அப்புறம் விஎல்சி என்ற திறமூல வீடியோ ஓட்டி. பாரிஸில் மாணவர் திட்டமாகத் தொடங்கியது. கிட்டத்தட்ட எந்த வீடியோவையும் ஓட்டும். மென்பொருளுக்குக் காப்புரிமை தருவதை பிரெஞ்சுச் சட்டம் ஏற்பதில்லை என்பதே அதை உருவாக்கும் வீடியோலேன் அமைப்பின் நிலைப்பாடு.

நம் சட்டமும் அப்படிப்பட்ட நிழல் தரக்கூடியதுதான். கணித முறையும் அல்காரிதமும் கண்டுபிடிப்பு ஆகா என்கிறது 3(கே). 2004-ன் அவசரச் சட்டம் இந்தப் பிரிவைத் தளர்த்தப் பார்த்தது. 2005-ல் நாடாளுமன்றம் ஏற்கவில்லை. அதன்பின் 2016 பிப்ரவரியில், கணினி சார்ந்த கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை வேண்டுமானால் புதுமையான வன்பொருளும் சேர்ந்திருக்க வேண்டும் என்று உங்கள் வழிகாட்டுதல் சொன்னது. 2017-ல் அந்த நிபந்தனை காணாமல் போயிற்று. நாடாளுமன்றம் மறுத்தது வழிகாட்டுதல் வழியாக உள்ளே வருவது என்ன நியாயம்?

'தொழில்நுட்ப விளைவைப்' பார்க்கும்படி 2019-ல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது உண்மைதான். ஆனால் நினைவகம் மிச்சமாவதே அந்த விளைவு என்றால், எந்தச் சுருக்கமுறைதான் தேறாது?

வன்பொருள் நிபந்தனையைத் திரும்பக் கொண்டுவாருங்கள். படம், வீடியோ தொடர்பான விண்ணப்பம் வந்தால், 'செயலி', 'நினைவகம்' போன்ற சொற்களை எடுத்துவிட்டுப் படியுங்கள். மிஞ்சுவது கணக்கு மட்டும்தான் என்றால் நிராகரியுங்கள். காப்புரிமை தருவதானால், 3(கே) ஏன் பொருந்தவில்லை என்பதை ஆணையில் விரிவாக எழுதுங்கள். எதிர்த்து மனுப் போடுகிறவர்களுக்கு அது வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு திறமூல மென்பொருள் பயனர்